மெக்கட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு: தாளில் பிஐடி வருகிறது, தரையில் ரோபோ ஆடுகிறது

கடைசிபெஞ்ச்_22

வணக்கம். கோவை பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. மெக்கட்ரானிக்ஸ், ஐந்தாம் செமஸ்டர். மார்க்கில் குறை இல்லை. கன்ட்ரோல் சிஸ்டம்ஸில் ரூட் லோகஸ் வரையச் சொன்னால் வரைந்துவிடுவேன், போடே பிளாட்டும் வரும். ஆனால் மினி ப்ராஜெக்ட் என்று ஒரு ரோபோவைக் கையில் எடுத்து ஒன்றரை மாதம் ஆகிறது, ஒன்றும் நகரவில்லை. அதாவது நகர்கிறது, நாங்கள் சொல்கிறபடி நகரவில்லை.

லேப் எப்படி என்று கேட்பீர்கள், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ட்ரெயினர் கிட்டுக்கு ஆறு பேர். இரண்டு பேர் வயர் மாட்டுவார்கள், மீதிப் பேர் போன வருட சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதுவோம். பிஎல்சியை (தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டும் கன்ட்ரோலர்) நான் இதுவரை இரண்டு முறைதான் தொட்டிருக்கிறேன், அதில் ஒரு முறை தூசு துடைக்க.

ரோபோ இதுதான்: கோட்டைப் பின்தொடர்ந்து போய், முன்னால் இருக்கும் சின்ன டப்பாவைப் பிடித்துத் தூக்க வேண்டும். இரண்டு 25ஜிஏ370 மோட்டார் (1:34 கியர், சுற்றை எண்ணும் என்கோடருடன்), மோட்டாருக்கு கரன்ட் கொடுக்க எல்298என் டிரைவர், நிரல் ஓட ஆர்டுயினோ ஊனோ போர்டு, பிடிப்பதற்கு ஒரு சின்ன செர்வோ, மூன்று 18650 செல் சீரிஸில். ஊனோவுக்கும் செர்வோவுக்கும் டிரைவர் போர்டில் வரும் 5 வோல்ட்டையே கொடுத்திருக்கிறோம்.

பிரச்சினை ஒன்று, பிடி இறுகும்போது ஊனோ அடிக்கடி ரீசெட் ஆகிறது. பிரச்சினை இரண்டு, சக்கர வேகத்துக்கு பிஐடி போட்டோம் (கேட்ட வேகத்துக்கும் ஓடுகிற வேகத்துக்கும் உள்ள பிழையைப் பார்த்து மோட்டாரைத் திருத்தும் கணக்கு: பிழைக்கு பி, சேர்ந்த பிழைக்கு ஐ, பிழை மாறும் வேகத்துக்கு டி), இணையத்தில் எல்லோரும் பி, ஐ, டிக்குப் போடும் 2, 5, 1 என்ற மதிப்புகளைப் போட்டால் மோட்டார் கரகரவென்று நடுங்குகிறது. பி, ஐ, டி மதிப்புகளைக் கண்டுபிடிக்கப் பாடத்தில் வரும் ஜீக்ளர் நிக்கோல்ஸ் அட்டவணைப்படி போட்டும் பார்த்தோம், நடுக்கம் கூடியதுதான் மிச்சம். அப்புறம் சீரியல் மானிட்டரில் வேகம் 470, 480 ஆர்பிஎம் என்று காட்டுகிறது, மோட்டார் ஸ்டிக்கரில் 210 என்றுதான் இருக்கிறது, மலிவு மோட்டார் என்பதால் ஸ்டிக்கர் தப்பாக இருக்கலாம்.

டீமில் மற்ற மூவரும் காந்திபுரத்தில் ஏதாவது ப்ராஜெக்ட் சென்டரில் பணம் கட்டி வாங்கிவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. என் கேள்வி ரோபோவைப் பற்றி மட்டும் இல்லை. ஐந்து செமஸ்டர் படித்த பிறகும் இப்படி என்றால் எங்கே தவறினேன்? பிளேஸ்மென்டுக்கு முன்னால் எதைப் பிடித்துக்கொள்வது: பிஎல்சி, ஆர்ஓஎஸ் (ரோபோ மென்பொருள்), சாலிட்வொர்க்ஸ் (டிசைன் வரையும் மென்பொருள்), எம்பெடெட் (சிப்புக்கு நிரல் எழுதுவது)?

—

ஸ்கைநெட்_தம்பி

பிஐடி எல்லாம் பழசு ப்ரோ. ஆர்ஓஎஸ் 2 படிங்க, சிமுலேஷன்லயே எல்லாம் பண்ணிடலாம். ரெஸ்யூமேயில் அதைத்தான் பார்க்கிறாங்க.

—

ஓசூர்_லைன்3

தம்பி, உன் பதிவில் நீ போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்குப் பிடித்தது. 480 காட்டுகிறது, ஸ்டிக்கரில் 210. நீ ஸ்டிக்கரைச் சந்தேகப்பட்டாய், உன் நிரலைச் சந்தேகப்படவில்லை. 34க்கு ஒன்று கியர் போட்ட மோட்டார் 12 வோல்ட்டில் 480 சுற்ற வேண்டும் என்றால் உள்ளே இருக்கும் ரோட்டார் 16,000க்கு மேல் சுற்ற வேண்டும். அந்த அளவு மோட்டாரில் அது நடக்கிற காரியமா? இந்தக் கணக்கு உனக்குத் தெரியாதது இல்லை, கினமேட்டிக்ஸில் கியர் ட்ரெயின் படித்திருக்கிறாய். தேர்வுத்தாள் கேட்டால் போட்டிருப்பாய், மோட்டார் கேட்டதால் போடவில்லை. எங்கே தவறினாய் என்று கேட்டாயே, என் கணக்கில் அங்கேதான்.

இனி ரோபோவுக்கு வருவோம். புதிதாக எதையும் வாங்காதே. முதலில் மோட்டாரைக் கழற்றி வைண்டிங் ரெசிஸ்டன்ஸை மல்டிமீட்டரில் அள, தண்டை மெதுவாகத் திருப்பி நாலைந்து இடத்தில் அளந்து சராசரி எடு. மோட்டார் நின்றிருக்கும்போது பேக் ஈஎம்எஃப் (சுற்றும்போது மோட்டார் தானே உண்டாக்கும் எதிர் வோல்ட்டேஜ்) பூஜ்யம், ஆகவே கிளம்புகிற நொடியில் கரன்டைத் தடுக்க அந்த ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான் இருக்கிறது. வோல்ட்டேஜை அதால் வகுத்தால் ஸ்டால் கரன்ட். இரண்டாம் வருட மெஷின்ஸ் பாடம், அவ்வளவுதான். எல்298என் பழைய பைப்போலார் சிப், 1 ஆம்பியர் ஓடும்போதே ஏறக்குறைய 2 வோல்ட்டைத் தானே தின்றுவிடும், அதையும் கழித்துக்கொள்.

ரீசெட்டுக்குக் காரணம் அனேகமாக செர்வோ. அந்த டிரைவர் போர்டில் 5 வோல்ட் கொடுப்பது 78எம்05 என்ற ரெகுலேட்டர், அரை ஆம்பியருக்குச் செய்தது. 12 வோல்ட்டை 5 ஆக்க மீதி 7 வோல்ட்டைச் சூடாக்கித்தான் தள்ளும். ஊனோவையும் ஓட்டிக்கொண்டு, டப்பாவை இறுகப் பிடித்து நிற்கிற செர்வோவுக்கும் கொடு என்றால் பாவம் அது என்ன செய்யும்? இதை மல்டிமீட்டரில் பார்க்க முடியாது, சில மில்லிசெகண்டில் விழுந்து எழுந்துவிடும். டிஎஸ்ஓவை (வோல்ட்டேஜைக் கிராஃபாகக் காட்டும் கருவி) சிங்கிள் ட்ரிகரில், அதாவது விழுகிற அந்த ஒரு தடவையைப் பிடித்து வைக்கும்படி போட்டு 5 வோல்ட் லைனைப் பார்.

மூன்றாவது, லூப் நேரம், அதாவது உன் நிரல் ஒரு சுற்று ஓடி முடிக்கிற நேரம். 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை ஓடுகிறது என்று நீ நம்புகிறாய், சரிதானே? ஊனோவின் ஒரு பின்னை ஒவ்வொரு சுற்றிலும் மேலும் கீழும் மாற்றி, அதே டிஎஸ்ஓவில் அள. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, இப்போது சொல்ல மாட்டேன்.

ஆர்ஓஎஸ் சொன்ன தம்பிக்கு: அதைப் படிக்கலாம், நல்லதுதான், ஆனால் ஆர்ஓஎஸ் அனுப்புகிற வேகக் கட்டளையைக் கடைசியில் ஒரு மோட்டார்தான் வாங்கிக்கொள்கிறது. அங்கே 480 என்று பொய் ரீடிங் வந்தால் மேலே எத்தனை அடுக்கு போட்டும் பயனில்லை. மெக்கட்ரானிக்ஸ் என்ற சொல்லே மோட்டார் செய்கிற இடத்தில் பிறந்ததுதான். 1969இல் ஜப்பானில் யாஸ்காவா நிறுவனத்துப் பொறியாளர் டெட்சுரோ மோரி வைத்த பெயர், கம்பெனி அதை வணிகக் குறியாகவே பதிவு செய்து வைத்திருந்து பிற்பாடு 1980களில் விட்டுக்கொடுத்தது. மோட்டாரையும் அதை ஓட்டுகிற எலக்ட்ரானிக்ஸையும் தனித்தனி டிபார்ட்மென்டாக வைத்துப் பார்த்தால் வேலைக்காகாது என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. நம் கல்லூரிகளில் இரண்டுக்கும் வேறு வேறு சார், வேறு வேறு இன்டர்னல் டெஸ்ட்.

—

லேப்_சாவி_என்னிடம்

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் லேப் பொறுப்பில் இருக்கிறேன், எது என்று கேட்காதீர்கள். ஆறு பேருக்கு ஒரு கிட் என்று மாணவர் எழுதியிருப்பது உண்மை, மறுக்கவில்லை. அறுபது பேர், இரண்டு பேட்ச், செமஸ்டருக்குப் பத்துப் பன்னிரண்டு எக்ஸ்பெரிமென்ட். ஒரு சொலினாய்ட் வால்வு எரிந்தால் புதியது வருவதற்குள் அந்த பேட்சே பாஸாகிப் போய்விடும், அந்தப் பயத்தில்தான் பாதிக் கதவு பூட்டிக் கிடக்கிறது. நியாயம் என்று சொல்லவில்லை, இப்படித்தான் இருக்கிறது என்கிறேன்.

ஆனால் ஒன்று. லேபைத் திறந்து கொடுங்கள் என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் என்ன செய்யப் போகிறார்கள் என்று சொல்லத் தெரியாமல் வருகிறார்கள். போன வருடம் ஒரு பெண் வந்தாள், ஒரே ஒரு தாளில் சர்க்யூட், எதிர்பார்க்கும் ரீடிங், தப்பினால் எது எரியும், அதைத் தடுக்க என்ன ஃபியூஸ், எல்லாம் எழுதியிருந்தாள். அந்த செமஸ்டர் முழுக்க நான்கு மணிக்கு மேல் சாவி அவளிடம்தான் இருந்தது.

அப்புறம் நியூமேட்டிக்ஸை (காற்றழுத்தத்தில் சிலிண்டர் ஓட்டுவது) லேசாக நினைக்காதீர்கள். ஏ+ பி+ பி− ஏ− என்று ஒரு எக்ஸ்பெரிமென்ட் எல்லா லேபிலும் உண்டு (ஏ, பி இரண்டு சிலிண்டர், + என்றால் வெளியே, − என்றால் உள்ளே). எல்லோரும் கேஸ்கேட் (சிக்னல்களைக் குழுவாகப் பிரித்து ஒரு நேரத்தில் ஒரு குழுவுக்கு மட்டும் காற்று கொடுக்கும் முறை) படத்தை மனப்பாடம் பண்ணி மாட்டிவிட்டு சிலிண்டர் ஓடியதும் கைதட்டுவார்கள். ஒரே ஒரு முறை கேஸ்கேட் இல்லாமல் நேரடியாக மாட்டிப் பாருங்கள், ஓடாது. ஏன் ஓடாது? ஏ வெளியே வந்து நிற்கிற வரை அதன் லிமிட் வால்வு அழுத்தப்பட்டபடியே இருக்கும், அது பி+க்குக் காற்று கொடுத்துக்கொண்டே இருக்கும், அதே நேரத்தில் பி− சிக்னலும் வரும். வால்வின் இரண்டு பக்கமும் சம அழுத்தம், நடுவில் இருக்கும் ஸ்பூல் (வால்வுக்குள் நகரும் தண்டு) அசையாது. ஆரம்பத்தில் ஏ+க்கும் இதே கதி, பி உள்ளே இருப்பதால் ஏ− சிக்னல் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும். அந்தச் சண்டையைக் கண்ணால் பார்த்தவனுக்கு கேஸ்கேட் வால்வு எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பிஎல்சியில் லேடர் எழுதும்போது மெமரி பிட் ஏன் போடுகிறோம் என்பதும் அதே விஷயம்தான். டியூபைப் பிடுங்குவதற்கு முன்னால் மெயின் வால்வை மூடி, காற்றை வெளியேற்றிவிடுங்கள். 6 பாரில் அடிக்கிற டியூப் கண்ணில் பட்டால் விளையாட்டில்லை.

ரெக்கார்டு நோட்டைப் பற்றி ஒரு வேண்டுகோள். தப்பாக வந்த ரீடிங்கையும் எழுதுங்கள். நான் வைவாவில் அதைப் பற்றித்தான் கேட்பேன், அழகாக வந்த கிராஃபைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது?

—

கடைசிபெஞ்ச்_22

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். இன்டர்னல் இருந்தது.

லேப் சார் சொன்ன மாதிரி ஒரு தாள் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் லேப் மேடம் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் ஈசிஈ டிபார்ட்மென்டில் இருந்து டிஎஸ்ஓ வாங்கித் தந்தார். இவ்வளவு எளிதாகக் கிடைக்கும் என்று தெரிந்திருந்தால் ஒன்றரை மாதத்துக்கு முன்னாலேயே எழுதியிருப்பேன்.

வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் சராசரி 5.1 ஓம். பேட்டரி 11.4 வோல்ட், டிரைவர் தின்பது 2 வோல்ட் என்று கழித்தால் ஒரு மோட்டாருக்கு 1.8 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல், இரண்டும் சேர்ந்து கிளம்பினால் ஏறக்குறைய 3.7. 5 வோல்ட் லைன், பிடி இறுகும்போது 2.5 வரை விழுகிறது. ஊனோவில் இருக்கும் சிப் 2.7க்குக் கீழே போனால் தானே ரீசெட் ஆகும்படி அமைத்திருக்கிறார்கள் என்று அன்றுதான் படித்தேன். செர்வோவுக்குத் தனியாக ஒரு எல்எம்2596 பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டேஜைக் குறைத்துத் தருவது) போட்டு, கிரவுண்டை மட்டும் சேர்த்துக் கட்டியதும் ரீசெட் நின்றுவிட்டது.

லூப் நேரம் அளந்தேன். 10 இல்லை அண்ணா, 24 மில்லிசெகண்ட்! ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தையும் பிழையையும் சீரியல் மானிட்டரில் அச்சடித்துக்கொண்டிருந்தோம், 9600 பாட் வேகத்தில் ஒரு எழுத்துக்கு 1 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகிறது, எங்கள் வரியில் 23 எழுத்து. பஃபர் நிரம்பியதும் நிரல் அங்கேயே நின்று காத்திருக்கிறது. 24 மில்லிசெகண்டில் சேர்ந்த என்கோடர் கவுன்ட்டை 10 என்று நினைத்து வகுத்தால் வேகம் 2.4 மடங்காகத் தெரியும். 200ஐ 2.4ஆல் பெருக்கினால் 480. ஹாஸ்டலில் ராத்திரி பதினொன்றரைக்கு இந்தப் பெருக்கலைப் போட்டுவிட்டு நான் கத்தியதில் பக்கத்து ரூம்காரன் எழுந்து வந்துவிட்டான்.

115200க்கு மாற்றி, பத்துச் சுற்றுக்கு ஒரு முறை மட்டும் அச்சடிக்கிறோம். டேக்கோமீட்டர் இல்லாததால் சக்கரத்தில் வெள்ளை டேப் ஒட்டி மொபைலில் 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் எடுத்தேன், ஒரு சுற்றுக்கு 72 ஃப்ரேம், அதாவது சரியாக 200 ஆர்பிஎம். ஸ்டிக்கர் பாவம், உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

ஆனால் நடுக்கம் முழுதாகப் போகவில்லை. குறைந்திருக்கிறது. 2, 5, 1தான் இன்னும் இருக்கிறது.

—

ஓசூர்_லைன்3

சந்தேகப்பட்டது அதைத்தான். எங்கள் லைனிலும் ஒரு தடவை இதே மாதிரி அச்சடிப்பு வரியால் அரை நாள் போயிருக்கிறது, அதை எழுதியது யார் என்று சொல்ல மாட்டேன் (நான்தான்).

—

மாஸ்டர்ஸ்_அக்கா

நானும் கொங்கு மண்டலத்தில் மெக்கட்ரானிக்ஸ் படித்தவள்தான், இப்போது ஜெர்மனியில் மாஸ்டர்ஸ். உன் நடுக்கத்துக்குக் காரணம் பிஐடியில் இருக்கும் டி. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

உன் என்கோடர் மோட்டார் தண்டில் சுற்றுக்கு 11 பல்ஸ் கொடுக்கும் வகை என்று நினைக்கிறேன், 34ஆல் பெருக்கினால் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு 374. ஊனோவில் வெளி இன்டரப்ட் பின் (பல்ஸ் வந்ததும் நிரலை உடனே கூப்பிடும் பின்) இரண்டுதான், இரண்டு மோட்டாருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்திருப்பாய், ஒவ்வொரு பல்ஸிலும் ஒரு விளிம்பை மட்டும் எண்ணுவாய். அப்படியென்றால் 10 மில்லிசெகண்டில் ஒரே ஒரு கவுன்ட் கூடினாலோ குறைந்தாலோ உன் கணக்கில் வேகம் 16 ஆர்பிஎம் தாவுகிறது. மோட்டார் அப்படித் தாவவில்லை, உன் அளவுகோலில் கோடுகள் அவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கின்றன. அந்த 16ஐ 0.01ஆல் வகுத்து டி மதிப்பு 1ஆல் பெருக்கினால் 1600. மோட்டாருக்கு எவ்வளவு கொடுக்கிறாய் என்று சொல்லும் பிடபிள்யூஎம் எண்ணின் உச்சம் 255! ஒரு கவுன்ட்டுக்கு மோட்டாரை முழு வேகம் முன்னால், முழு வேகம் பின்னால் என்று அடிக்கிறாய். நடுங்காமல் என்ன செய்யும்? டியைப் பூஜ்யமாக்கு. சக்கர வேகத்துக்கு பிஐயே போதும். என்கோடரின் இரண்டு சேனலிலும் சேர்த்து நான்கு விளிம்பையும் எண்ணினால் 1496 கிடைக்கும், தாவல் 4 ஆகிவிடும், ஆனால் அதற்கு எஸ்டிஎம்32 மாதிரி டைமரிலேயே என்கோடர் எண்ணுகிற சிப் வசதி. இப்போது தேவையில்லை.

ஜீக்ளர் நிக்கோல்ஸ் ஏன் ஏமாற்றியது என்றும் தெரிந்துகொள். அது 1942ஆம் வருடத்து முறை, தொழிற்சாலைகளில் சூடு, அழுத்தம் போன்ற மெதுவான விஷயங்களுக்காக வந்தது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தைய ஆட்டத்தில் கால் பங்காகத் தேய்ந்தால் போதும் என்பதுதான் அதன் இலக்கு. ஆடுவது அதில் சேர்ந்தே வருகிறது. தேர்வில் அட்டவணையைக் கேட்பார்கள், இதைக் கேட்க மாட்டார்கள்.

அட்டவணையை விட்டுவிட்டு ஒரு ஸ்டெப் கொடு. பிஐடியைத் துண்டித்து, பூஜ்யத்திலிருந்து பிடபிள்யூஎம் 200க்கு ஒரே தாவலில் போ, வேகத்தைச் சேமித்துக் கிராஃப் போடு. கடைசி வேகத்தில் 63 சதவீதத்தை எட்ட எவ்வளவு நேரம் என்று பார், அதுதான் நீ ஐந்து செமஸ்டராக டௌ, டௌ என்று எழுதிக்கொண்டிருந்த டைம் கான்ஸ்டன்ட். எந்த பிடபிள்யூஎம் வரை சக்கரம் அசையவே இல்லை என்பதையும் குறித்துக்கொள், உராய்வுக்காக அதைத் தனியாகக் கூட்ட வேண்டும். இந்த இரண்டு எண் இருந்தால் பி, ஐ இரண்டையும் தாளிலேயே கண்டுபிடித்துவிடலாம். ஐக்கு உச்சவரம்பு போட மறக்காதே, இல்லையென்றால் யாராவது சக்கரத்தைக் கையால் பிடித்துவிட்டு விடும்போது ரோபோ மேஜையை விட்டுப் பாய்ந்துவிடும். எங்களுடையது பாய்ந்தது, ரிவ்யூ அன்று, எக்ஸ்டெர்னல் சாரின் டீ டம்ளர் மேல்.

இங்கே நிறைய லேபில் உள்ளே நுழைவதற்கு முன்னால் ஒரு சின்னத் தேர்வு உண்டு, அன்டெஸ்டாட் என்பார்கள். என்ன ரீடிங் வரும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்டத் தெரியவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முதல் மாதம் நான் திரும்பி வந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது, ஆனால் ஊரில் நான்கு வருடம் என்னை யாரும் அப்படிக் கேட்கவே இல்லையே என்ற கோபம் அதைவிட அதிகமாக இருந்தது.

—

கடைசிபெஞ்ச்_22

அக்கா, போட்டேன். இடது மோட்டார்: பிடபிள்யூஎம் 45 வரை அசையவில்லை, 200இல் 190 ஆர்பிஎம், அதில் 63 சதவீதமான 120ஐ எட்ட 90 மில்லிசெகண்ட். கெயின், அதாவது ஒரு பிடபிள்யூஎம்முக்கு எத்தனை ஆர்பிஎம் என்பது, 190ஐ 155ஆல் (200இல் 45 போக) வகுத்து 1.23. மூடிய லூப்பும் (பிஐ சேர்த்த பிறகு) அதே 90 மில்லிசெகண்ட் வேகத்தில் இருந்தால் போதும் என்று வைத்து, போலை ஜீரோவால் அடித்துப் பார்த்ததில் (மோட்டாரின் மந்தத்தை பிஐயால் ரத்து செய்யும் கணக்கு) பி 0.82, ஐ 9.1. அப்படியே போட்டேன். நடுக்கமில்லாமல் போய் கேட்ட 150 ஆர்பிஎம்மில் நின்றது. கிராஃபை நான் தாளில் வரைந்த கோட்டின் மேல் வைத்தால் ஏறக்குறைய பொருந்துகிறது, முதல் இரண்டு மூன்று புள்ளி மட்டும் கியர் பல்லின் இடைவெளியால் பிந்துகிறது போல.

வலது மோட்டார் வேறு எண் தருகிறது, கெயின் 1.1தான். ஒரே கடை, ஒரே நாள் வாங்கியது. ரோபோ ஏன் எப்போதும் வலப்பக்கமே இழுத்தது என்று இப்போது புரிகிறது, நாங்கள் சக்கரத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

ப்ராஜெக்ட் சென்டர் பேச்சு நின்றுவிட்டது. அந்தப் பேச்சை முதலில் எடுத்தவன்தான் இப்போது ஸ்லோமோஷன் வீடியோவில் ஃப்ரேம் எண்ணுகிறான்.

பிளேஸ்மென்ட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே?

—

ஓசூர்_லைன்3

நீ இப்போது எழுதியதை இன்டர்வியூவில் அப்படியே சொல், கோர் கம்பெனியில் எம்பெடெட், மோஷன் பக்கம் இருப்பவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். எங்கள் பக்கம் வர வேண்டும் என்றால் பிஎல்சி வேண்டும், ஆனால் சாஃப்ட்வேரைக் கிளிக் செய்யத் தெரிகிறதா என்று நான் கேட்க மாட்டேன். எமர்ஜென்சி ஸ்டாப்பை ஏன் நார்மலி குளோஸ்டில் (அழுத்தாதபோது கரன்ட் ஓடும்படி) போடுகிறோம் என்று கேட்பேன். வயர் அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பதில் சொல்கிறவன் பத்துக்கு இரண்டு பேர். அப்புறம் ஒரு பிஎன்பி ப்ராக்சிமிட்டி சென்சரை (பக்கத்தில் பொருள் வந்தால் சிக்னல் கொடுப்பது) மேஜையில் போட்டு, பிரவுன், நீலம், கறுப்பு மூன்று வயரும் எங்கே போகும் என்று கேட்பேன். உனக்கும் அதே கேள்வி, பார்க்காமல் சொல்.

—

கடைசிபெஞ்ச்_22

பிரவுன் 24 வோல்ட், நீலம் 0 வோல்ட், கறுப்பு பிஎல்சி இன்புட்டுக்கு. பிஎன்பி என்பதால் இன்புட் காமன் 0 வோல்ட்டில்.

பார்த்துத்தான் எழுதினேன் அண்ணா. நாளை நான்கு மணிக்கு லேபில் மாட்டிப் பார்க்கிறேன், சாவி கேட்டு வாங்கியாகிவிட்டது.